வாசகர் கேள்வி–பதில்: பறங்கியர் வீட்டுப் படங்களும் பதிவேடுகளும் குரல்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாழும் பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தோர்) குடும்பங்களின் வரலாற்றை எப்படிச் சேர்த்து வைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பழைய படங்களையும் பதிவேடுகளையும் பேணும் முறை எல்லா வீட்டுக்கும் பொதுவானது. ஆகவே மற்றச் சமூகத்து வாசகர்களும் தங்களுக்கு வேண்டியதை இதில் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து கல்லடி டச் பார், புளியந்தீவுப் பக்கத்துப் பறங்கியர் குடும்பங்களின் வரலாற்றைத் திரட்ட நினைக்கிறோம். பழைய படங்களை ஸ்கான் செய்வதா, புத்தகங்களைத் தேடுவதா, பெரியவர்களைச் சந்திப்பதா? எதை முதலில் செய்ய வேண்டும்? — வாசகி, கல்லடி

பதில்: பெரியவர்களைச் சந்தியுங்கள். புத்தகத்தில் இருப்பது நாளைக்கும் இருக்கும். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638 மே மாதம் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள் என்பதெல்லாம் எந்த நூலகத்திலும் கிடைக்கும். எந்த ஒழுங்கையில் யாருடைய தச்சுப் பட்டறை இருந்தது, யார் சப்பாத்துத் தைத்தார், யார் வீட்டு வயலின் எல்லாக் கலியாணத்துக்கும் போனது, 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு எந்தக் குடும்பம் எங்கே ஒதுங்கியது என்பவை எந்த நூலகத்திலும் இல்லை. அவை எண்பது வயதைத் தாண்டியவர்களின் நினைவில் இருக்கின்றன. நல்ல பெட்டியில் வைத்த படம் பத்து வருடம் பொறுத்திருக்கும். அந்தப் படத்தில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர் அத்தனை காலம் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் பலருக்கு என்ன சொல்வதென்றே தெரியாது. நாலைந்து பழைய படங்களை முன்னால் வைத்துவிட்டு, "இது யார் வீட்டு முற்றம்? பின்னால் நிற்கிறவர் யார்?" என்று கேட்டால் பேச்சுத் தானாக வரும். படத்துக்குப் பெயரும் அதே நேரத்தில் கிடைத்துவிடும்.

டச் பாரைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. 2004 சுனாமியில் அந்தக் குடியிருப்பு அடியோடு சிதைந்தது. பல குடும்பங்கள் திராய்மடு போன்ற இடங்களுக்குப் போய்விட்டன. சுனாமிக்கு முந்திய ஊரை நினைவிலிருந்து வரைபடமாக வரைந்து எடுங்கள். ஏ-1 அளவுத் தாள் ஒன்றை மேசையில் விரித்து, மாறாத அடையாளங்களை மட்டும் நீங்கள் முதலில் போடுங்கள்: கடற்கரை, வாவிக்கரை, பெரிய வீதி, கோயில். பிறகு பெரியவரிடம் பென்சிலைக் கொடுத்து வீடு வீடாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் போட்டு, அந்த எண்ணுக்கு நேரே ஒரு கொப்பியில் குடும்பப் பெயர், கூரை ஓடா கிடுகா, கிணறு எந்தப் பக்கம், வீட்டுக்காரர் என்ன தொழில் செய்தார் என்று எழுதுங்கள். வரைகிற நேரமெல்லாம் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும். "இல்லையில்லை, இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பலா மரம் நின்றது" என்று அவர் திருத்துகிற இடத்தில்தான் பெறுமதியான செய்தி வரும்.

அடுத்தவரிடம் அதே தாளைக் கொண்டுபோகாதீர்கள். முன்னவர் வரைந்ததைக் கண்டால் அவர் அதற்கேற்பத் தலையாட்டிவிடுவார். புதிய தாளில் தனியாக வரையச் சொல்லி, மூன்று நாலு தாள் சேர்ந்த பிறகு எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி ஒப்பிடுங்கள். முரண்படும் இடங்களை அழிக்காமல் இரண்டு நிறத்தில் குறியுங்கள். ஒருவர் 1965ஐயும் மற்றவர் 1990ஐயும் நினைத்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு தாளின் மூலையிலும் அது எந்தக் காலத்து ஊர் என்று எழுதியிருக்க வேண்டும். "சூறாவளிக்கு முன்", "மூத்த மகள் பிறந்த காலம்" என்று அவர்கள் சொல்கிறபடியே எழுதினாலும் போதும், ஆண்டைப் பிறகு கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: கைபேசியில் அம்மம்மாவின் பேச்சைப் பதிந்தேன். காற்றுச் சத்தமும் காகமும்தான் கேட்கிறது. நல்ல கருவி வாங்கத்தான் வேண்டுமா? — வாசகர், புதுமுகத்துவாரம்

பதில்: உடனே வாங்க வேண்டாம். கைபேசியை விடப் பதிவைக் கெடுப்பது அறைதான். வெறுஞ் சுவரும் தரையோடும் உள்ள விறாந்தையில் குரல் எதிரொலிக்கும். கட்டிலும் திரைச்சீலையும் உடுப்பு அலுமாரியும் உள்ள உள்ளறை நல்லது. தரையில் பாய் விரியுங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நிறுத்துங்கள். வேர்க்கும் என்பதால் காலையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் காகம் அடங்கிய பிறகு, ஏழரைக்கு மேல் தொடங்குங்கள்.

கைபேசியை வெறும் மேசையில் வைத்தால் மேசையைத் தட்டுவதெல்லாம் இடிபோல் பதியும். மடித்த துவாயின் மேல், பேசுபவரின் வாயிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள். ஏதாவது வாங்குவதானால் சட்டையில் குத்தும் கம்பி மைக் ஒன்று வாங்குங்கள். நாடியிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். சேலைத் தலைப்பும் செபமாலையும் உரசாத இடமாகப் பாருங்கள். புளூடூத் மைக்குகள் ஒலியை நசுக்கி அனுப்புவதால் அவற்றை இந்த வேலைக்குத் தவிர்ப்பது நல்லது.

பதிவுச் செயலியில் கோப்பு வகையை 'வேவ்' (WAV) என்றும், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத்தடம் என்றும் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் பிடிக்கும். கைபேசியுடன் வரும் சாதாரணப் பதிவான் ஒலியைச் சுருக்கித்தான் சேமிக்கும், அதைப் பின்னர் எந்த வழியிலும் மீட்க முடியாது. விமானப் பயண நிலையைப் போட்டுவிட்டால் அழைப்பு வந்து பதிவு அறுபடாது. ஒரு நிமிடம் பதிந்து, காதுக்கருவி மாட்டிக் கேட்டுப் பார்த்த பிறகே உட்காருங்கள்.

தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவர், கேட்பவர், பதிவுக்கு அவர் சம்மதிக்கிறார் என்பது எல்லாம் வாயால் பதிவாக வேண்டும். முடிவில் யாரும் பேசாமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள். பின்னர் இரைச்சலைக் குறைக்க அந்த வெற்று ஒலி தேவைப்படும். ஒருநாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முதியவர்களை இருத்தாதீர்கள். அவர் சொல்லி நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் ஐந்து விநாடி பொறுங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பலர் முக்கியமானதைச் சொல்வார்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தோம் என்று இருக்காதீர்கள். குரல் பதிவாகவோ படமாகவோ அனுப்பினால் அது சுருங்கிப்போய்ச் சேரும். கம்பி மூலம் கணினிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பெரியம்மாவும் அவவின் தங்கையும் மட்டும் தங்களுக்குள் பறங்கிப் போர்த்துக்கேயம் பேசுகிறார்கள். எங்களோடு தமிழ்தான். எனக்கு அந்த மொழி தெரியாது. தெரியாதவள் எப்படி அதைப் பதிவுசெய்வது? — வாசகி, மாமாங்கம்

பதில்: மொழி தெரியாததால் நிறுத்திவிடாதீர்கள். இருவரையும் சேர்த்து உட்கார வைப்பதுதான் இங்கே எல்லாவற்றிலும் முக்கியம். உங்களைப் பார்த்துப் பேசினால் அவர்கள் தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்கிற மாதிரி வேலை கொடுங்கள். கிறிஸ்மஸ் பலகாரம் சுடும் முறையைத் தங்கை அக்காவுக்குச் சொல்லட்டும். பழைய படம் ஒன்றை இருவரும் பார்த்துத் தங்களுக்குள் பேசட்டும். நீங்கள் கைபேசியை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

இன்னொரு நாள் அந்தப் பதிவைச் சிறு சிறு துண்டாகப் போட்டுக்காட்டி, ஒவ்வொரு வாக்கியத்தையும் மெதுவாகத் திரும்பச் சொல்லி, தமிழில் பொருளும் சொல்லக் கேளுங்கள். இதையும் பதிவுசெய்யுங்கள். இப்படிச் செய்த பத்து நிமிடம், பொருள் தெரியாத பத்து மணி நேரப் பதிவை விடப் பயன்படும். இதற்கு நேரம் நிறையப் பிடிக்கும், பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு முழுப் பகல் போகலாம். அதனால் நல்ல துண்டுகளாகத் தெரிந்தெடுங்கள்.

தனியாகச் சொற்களும் வேண்டும். ஒன்று முதல் நூறு வரை எண்கள், உறவுமுறை, உடலுறுப்பு, மீன் வகை, குசினிப் பொருள், தச்சு ஆயுதங்கள் என்று பகுதி பகுதியாகக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடச் செபங்களையும் தாலாட்டையும் விட்டுவிடாதீர்கள். பேச்சில் மறைந்துபோன வடிவங்கள் அவற்றில் தங்கியிருக்கும்.

எழுதும்போது தமிழ் எழுத்து மட்டும் போதாது. p–b, t–d, k–g என்ற இரண்டிரண்டு ஒலிகளையும் ப, த, க என்று ஒரே எழுத்தில் எழுதினால் சொற்கள் கலந்துவிடும். உரோமன் எழுத்தைப் பயன்படுத்தி, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டுக் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். முக்கியமான ஒன்று: லிஸ்பன் போர்த்துக்கேய அகராதியைப் பார்த்துப் பெரியம்மாவைத் திருத்தாதீர்கள். மட்டக்களப்புப் பேச்சில் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபுகளும் பெயருக்குப் பின்னால் ஒட்டும். அது பிழை இல்லை. நானூறு வருடமாகத் தமிழோடு வாழ்ந்த மொழியின் இலக்கணம் அது. அதைத் திருத்தி எழுதினால் பதிவே பயனற்றுப் போகும்.

நீங்கள் தனியாகவும் இல்லை. 1970களிலேயே இயன் சிமித் என்ற மொழியியலாளர் மட்டக்களப்புப் பறங்கிப் போர்த்துக்கேயத்தை ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவின் குழு நம் ஊர்ப் பேச்சாளர்களின் பேச்சு, பாட்டு, ஆட்டங்களை ஒலியாகவும் காட்சியாகவும் பதிந்து, அழிந்துவரும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. அதை முதலில் இணையத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் உறவினரின் குரலே அங்கே இருக்கக்கூடும். இன்னும் பழையது வேண்டுமென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் அரச பணியில் இருந்த ஹியூ நெவில் திரட்டிய போர்த்துக்கேயப் பாடல்களின் கையெழுத்துப் பிரதிகள் லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

கேள்வி: பழைய அல்பத்தில் படங்கள் தாளோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன. வெள்ளத்தில் நனைந்த ஒரு கட்டும் இருக்கிறது. லமினேற் செய்தால் தப்புமா? — வாசகர், திராய்மடு

பதில்: லமினேற் செய்யவே கூடாது. சூடும் பசையும் படத்துக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. செலோரேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சள் பட்டையாக நின்றுவிடும்.

பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டும் வகை அல்பங்கள் 1970களிலிருந்து எல்லா வீட்டிலும் புகுந்தன. அவற்றின் பசை காலப்போக்கில் இறுகும். பல்லிடுக்கைச் சுத்தமாக்கும் மெல்லிய நூலை ஒரு மூலையிலிருந்து படத்துக்கும் தாளுக்கும் இடையில் வாள் அறுப்பதுபோல் மெதுவாக இழுங்கள். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கான் செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தையும் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்ய வேண்டும். பிரித்தால் முகம் கண்ணாடியில் போய்விடும்.

நனைந்த படங்கள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கத்தியால் நெம்பாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஒரு கட்டுப் படத்தை வைத்து, அரை மணிக்கொரு தரம் பாருங்கள். சில தானாக விலகும். முதலில் ஒரு முக்கியமில்லாத படத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம், நிறம் கரைந்தால் உடனே நிறுத்துங்கள். புதிதாக வெள்ளம் வந்து நனைந்ததென்றால் இரண்டு நாளுக்குள் செயற்பட வேண்டும், அதற்குப் பிறகு பூஞ்சணம் பிடிக்கும். சேற்றை விரலால் தேய்க்காமல், தட்டில் நீர் எடுத்துப் படத்தை அதில் அசைத்து, முகப்பக்கம் மேலே இருக்க நிழலில் வெள்ளைத் துணியில் பரப்புங்கள். வெயிலில் காயவைத்தால் சுருளும். நேரமில்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் இடையில் எண்ணெய்த்தாள் வைத்துப் பொலித்தீன் பையில் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் போடலாம். ஆறுதலாக எடுத்துப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

ஸ்கான் அளவு: தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), அடையாள அட்டை அளவுச் சின்னப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறத்திலேயே ஸ்கான் செய்யுங்கள், மங்கலும் கறையும் அதில்தான் தெளிவாகத் தெரியும். 'டிஃப்' (TIFF) வகைக் கோப்பாகச் சேமித்தால் நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கான் செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் பென்சில் எழுத்தும் திகதியும் அங்கேதான் இருக்கும்.

வைக்கும் இடம் அடுத்த பிரச்சினை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளரும். நம் கரையோரத்தில் அது பெரும்பாலும் அதற்கு மேலேதான். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டி எடுங்கள், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இலக்கமிட்ட வகை நல்லது. 20 லீற்றர் பெட்டிக்குள் துணிப்பையில் கட்டிய ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராம் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் 110 பாகை வெப்பத்தில் போறணையில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். பூச்சி உருண்டை வேண்டாம். பெட்டி தரையில் இருக்கக் கூடாது, மேல் தட்டில் இருக்கட்டும். திராய்மட்டில் மார்கழி மழை எங்கே ஏறும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: குடும்ப மரம் வரையக் கத்தோலிக்கக் கோயில் பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. எது சரி? — வாசகர், புளியந்தீவு

பதில்: மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பர்த்தலோட், ரகேல் போன்ற குடும்பப் பெயர்களை எழுதியவர்கள் பிரெஞ்சுக் குருக்களாகவும் தமிழ்க் குருக்களாகவும் அமெரிக்கக் குருக்களாகவும் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். பழைய பக்கங்கள் இலத்தீனில் இருக்கும்: யோவான் 'யொவான்னெஸ்' ஆகவும் யாக்கோபு 'யாக்கோபுஸ்' ஆகவும் நிற்பார்கள். ஆகவே எழுத்தை நம்பி ஆளை ஒன்றாக்கவோ பிரிக்கவோ கூடாது. தந்தை பெயர், தாயின் கன்னிப் பெயர், ஞானத்தாய் தந்தையர், தொழில், வீதி ஆகியவற்றில் குறைந்தது மூன்று பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று கொள்ளுங்கள்.

ஞானப்பெற்றோர் பத்தியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு நெருக்கம், யார் யாரோடு வேலை செய்தார் என்பது அதில்தான் தெரியும். எங்களைக் கேட்டால் பதிவேட்டில் மிகப் பெறுமதியான பத்தி அதுதான்.

பங்குக் குருவின் எழுத்து அனுமதியோடு, பதிவேட்டை வெளியே கொண்டுபோகாமல், ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். பிளாஷ் வேண்டாம். முதுகு விறைத்த பதிவேட்டை 180 பாகைக்கு விரிக்காமல், இரு பக்கமும் மடித்த துவாய் முட்டுக் கொடுத்து 90 பாகைக்கு விரிப்பது போதும். முதல் படம் அட்டையும் பதிவேட்டு எண்ணுமாக இருக்கட்டும்.

மறைமாவட்டக் கடிதப் போக்குவரத்தைத் தேடுபவர்கள் எல்லை மாறியதையும் நினைவில் வைக்க வேண்டும். 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்துக்குள் தான் மட்டக்களப்பு இருந்தது, தனி மறைமாவட்டமானது 2012இல். பழைய கோப்புகள் திருகோணமலையில் இருக்கலாம். கடந்த நூற்றாண்டில் மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருக்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மாகாணத்தின் ஆவணங்கள் சென் லூயிஸ் நகரிலுள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கடிதம் எழுதும்போது "பறங்கியர் பற்றி ஏதாவது" என்று கேட்காமல் பாடசாலை, ஆண்டு, நிகழ்வு மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அக்கரைப்பற்றில் எங்களைப் போல் சில பறங்கியர் குடும்பங்கள்தான். அப்பப்பாவின் பிறப்புப் பதிவை அம்பாறையில் கேட்டால் இல்லை என்கிறார்கள். — வாசகி, அக்கரைப்பற்று

பதில்: அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய பதிவை மட்டக்களப்பு மாவட்டப் பதிவாகத் தேடுங்கள். பிறந்த திகதி தெரியாவிட்டால் உத்தேச ஆண்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வருடம் தேடும்படி விண்ணப்பத்தில் எழுதலாம். ஞானஸ்நானப் பதிவு முதலில் கிடைத்தால் அதன் திகதியை வைத்துத் தேடுவது இலகு.

கேள்வி: மகளைப் பார்க்க நியூயோர்க் போனபோது இத்தாலியர் வாழ்ந்த தெருக்களைக் கண்டேன். குடிபெயர்ந்து வந்த அவர்கள் தங்கள் வரலாற்றை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்களே. நாம் அவர்களிடம் என்ன கற்கலாம்? — வாசகி, முன்பு புளியந்தீவு, இப்போது கொழும்பு

பதில்: மூன்று விடயம். முதலாவது, சிறியதைத் தேர்ந்தார்கள். நியூயோர்க் ஓர்ச்சட் வீதி 97ஆம் இலக்கத்தில் 1863இல் கட்டிய ஒரு வாடகைக் குடியிருப்பை 1988இல் அருங்காட்சியகமாக்கத் தொடங்கினார்கள். 1935இல் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டபின் மேல் மாடிகள் பூட்டிக்கிடந்தன. அங்கே வாழ்ந்த இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த பல்டிசி குடும்பத்தின் மகள் ஜோசபின் முதுமையில் தன் நினைவுகளைச் சொல்ல, அதை வைத்து அந்த வீட்டை மீட்டமைத்தார்கள். பெரிய மனிதர் யாருமில்லை, வேலை தேடி வந்த ஒரு குடும்பத்தின் குசினி. டச் பாரின் ஒரு வீட்டை இப்படி அறிந்தால் போதும், அதற்குச் சமமாக எந்தப் பொது வரலாறும் வராது.

இரண்டாவது, சங்கங்களின் கொப்பிகளை எறியவில்லை. ஒவ்வொரு ஊர்க்காரரும் நோய்க்கும் மரணத்துக்கும் உதவும் சகாய சங்கம் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டக் குறிப்புகள், சந்தாப் புத்தகங்கள், இத்தாலிய மொழிப் பத்திரிகைகளை மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1965இலிருந்து திரட்டியது. பறங்கியர் சங்கக் கூட்டக் குறிப்பும் மரண உதவிக் கணக்கும் யாரோ ஒரு செயலாளரின் வீட்டில் பழைய சூட்கேசில் கிடக்கலாம். ஒவ்வொரு முன்னாள் செயலாளர், பொருளாளர் வீட்டிலும் கேளுங்கள்.

மூன்றாவது ஓர் எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானபோது, அமெரிக்கக் குடியுரிமை பெறாத ஏறத்தாழ ஆறு லட்சம் இத்தாலியரை 'எதிரி நாட்டவர்' என்று பதிந்தார்கள். எதிரியின் மொழியைப் பேசாதே என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பல வீடுகளில் பிள்ளைகளோடு இத்தாலிய மொழி பேசுவது அத்தோடு நின்றது. பின்னர் விழாவும் சாப்பாடும் மிஞ்சின, பேச்சு மிஞ்சவில்லை. மாமாங்கத்து வாசகியின் பெரியம்மாவைப் பதிவதை ஏன் அவசரம் என்கிறோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று: குடிவருவோரைச் சோதித்த நியூயோர்க் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் தங்கள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டதாக எத்தனையோ இத்தாலியக் குடும்பங்கள் சொல்லும். உண்மையில் அங்கே பார்த்தது புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய கப்பல் பட்டியலைத்தான். பெயர்கள் பெரும்பாலும் பிறகு, அவர்களாகவே மாற்றியவை. குடும்பக் கதையை அப்படியே பதியுங்கள், ஆனால் ஆவணத்தோடு ஒப்பிடாமல் உண்மை என்று அச்சிடாதீர்கள். "நாங்கள் நேரே லிஸ்பனிலிருந்து வந்தவர்கள்" என்ற கதைக்கும் இது பொருந்தும்.

கேள்வி: கலியாண வீட்டில் ஆடும் கப்ரிஞ்ஞா, லான்சர்ஸ் ஆட்டங்களை வீடியோ எடுக்க எது நல்ல வழி? — வாசகர், ஊறணி

பதில்: கலியாண வீட்டு வீடியோகாரர் முகத்தைத்தான் நெருங்கி எடுப்பார். உங்களுக்கு வேண்டியது கால்களும் இடமாற்றமும். ஒரு கைபேசியை முக்காலியில் உயரமாக, எல்லா இணைகளும் அடங்கும்படி வைத்து முழு ஆட்டத்தையும் வெட்டாமல் எடுங்கள். லான்சர்சில் இணைகள் சதுரமாக நின்று மாறுவதால் உயரம் இல்லாமல் ஒன்றும் புரியாது. இன்னொரு கருவி கால்களுக்கு. இரண்டையும் ஓடவிட்டு ஒரு முறை உரக்கக் கைதட்டினால் பின்னர் ஒலியை வைத்து இரண்டையும் பொருத்தலாம்.

வேறொரு நாள் வயலின்காரரைத் தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு மெட்டையும் முதலில் மெதுவாகவும் பிறகு ஆட்ட வேகத்திலும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்தத் தந்தியை எந்தச் சுருதிக்கு முறுக்குகிறார் என்று ஒவ்வொரு தந்தியையும் தனியே மீட்டிப் பதியுங்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் இசை, நடன மாணவர்கள் இதில் உதவக்கூடியவர்கள்.

கேள்வி: பதிவேட்டில் ஒரு பிள்ளையின் தந்தை பெயர் இல்லை. பேட்டியில் ஒருவர் போர்க்காலத்தில் காணாமற்போனவர்கள் பற்றியும் சொன்னார். இவற்றையெல்லாம் வெளியிடலாமா? — பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

பதில்: பதியலாம், வைத்திருக்கலாம், வெளியிட வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர் ஒருவரைப் புண்படுத்தக்கூடிய எதையும் அவரது சம்மதமில்லாமல் வெளியே விடாதீர்கள். இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

சம்மதப் படிவத்தில் 'சம்மதம்' என்று ஒரே வரி வைக்காமல் மூன்று தெரிவு வையுங்கள்: குடும்பத்துக்குள் மட்டும், ஆய்வாளர்களும் பார்க்கலாம், எல்லாரும் கேட்கலாம். நாலாவதாக, குறிப்பிட்ட ஆண்டுவரை பூட்டிவைக்கும் வசதி. காணாமற்போனவர் பற்றிய பகுதியை 25 வருடம் பூட்டிவைக்கச் சொல்லி அவரே கேட்கக்கூடும். படிவத்தை வாசித்துக்காட்டுங்கள், கையெழுத்தைப் பேட்டி முடிந்த பிறகு வாங்குங்கள். முன்னரே வாங்கினால் தான் என்ன சொல்லப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது. எழுத்துப்படியைக் கொடுத்து இரண்டு வாரம் யோசிக்க விடுங்கள். நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குங்கள்.

கேள்வி: சேர்த்ததையெல்லாம் எங்கே வைப்பது? ஒரு ஹார்ட் டிஸ்க் போதாதா? — வாசகர், கல்லடி

பதில்: போதாது. மூன்று பிரதி வேண்டும், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், ஒன்றாவது ஊருக்கு வெளியே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறு பிரதி இல்லாத ஏடுகள் திரும்பவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் உங்களிடம், இன்னொன்று வெள்ளம் ஏறாத இடத்திலுள்ள உறவினரிடம், மூன்றாவது இணையச் சேமிப்பில். பென் ட்ரைவ் கொண்டுசெல்ல மட்டும்தான், வைத்திருக்க உதவாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் செருகி, ஏதாவது பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள், வீட்டு எண், தொடரெண் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள், 20250118-07-003 என்பதுபோல். ஆட்களின் பெயரும் விபரமும் தனியே ஓர் அட்டவணையில் இருக்கட்டும். அந்த அட்டவணையைத் தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று போடுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால் 4பி பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதலாம். பின்பக்கம் வழுவழுப்பான புதிய படங்களில் பென்சில் பிடிக்காது, அவற்றைத் தாள் உறையில் இட்டு உறையில் எழுதுங்கள்.

பொதுமக்கள் பார்க்கச் சம்மதம் உள்ளவற்றை, 2005இலிருந்து இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்திடம் கொடுப்பது பற்றிப் பேசலாம். எதை யாரிடம் கொடுத்தாலும் பிரதியை மட்டும் கொடுங்கள். அசல் படமும் அசல் கொப்பியும் அந்தந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். வாங்கும்போது எண்ணிக்கையும் திகதியும் எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, திருப்பிக் கொடுக்கும்போது ஸ்கான் செய்த படங்களில் ஒரு தொகுதியை அச்சிட்டும் கொடுங்கள். அச்சுப் படம் கையில் கிடைத்த வீட்டிலிருந்துதான் அடுத்த அல்பமும் வெளியே வரும்.